நாற்பத்தேழாம் நம்பர் மகிழ மரம்

குருபோங் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள மரங்களுக்கெல்லாம் நகராண்மைக் கழகம் நம்பர் போட்டு, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. நிழல் கூடினால் ஊர்ச்சூடு குறையும், அதைக் குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். சுடச்சுடக் கறிபாப் பலகாரம் கொடுத்ததால் கூட்டம் நிறைந்தது.

எனக்கு விழுந்தது 47, வாசலுக்கு எதிரே நிற்கும் மகிழ மரம். வேரோரம் ஒரு கருவியைப் புதைத்தார்கள். மண் ஈரத்தை அது சொல்லும், மற்றதை நான் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் என் போன், 'மரம் எப்படி?' என்று கேட்கும். 'நலம்' அல்லது 'குறை' என்று அழுத்த வேண்டும், குறையென்றால் என்னவென்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நாலு மாதம் 'நலம்' அழுத்தினேன். ஒரு நாய்கூட என்னவென்று கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை இலை நிஜமாகவே மஞ்சளாகியிருந்தது, 'குறை' அழுத்தினேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"ஆன்ட்டி, நான் ஷாந்தினி, மர ஆபீஸ்லருந்து. இலை மஞ்சள்னு போட்டிருந்தீங்கள்ல? ஆள் வந்து உரம் போடுவாங்க. நீங்க சாப்டீங்களா?"

வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பிரவின் போனில் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவான். நான் அன்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "தோசை," என்றேன்.

அதற்குப் பிறகு அந்த மரத்துக்கு வராத நோயில்லை. எறும்பு என்றேன், பட்டை வெடிப்பு என்றேன். பூ உதிர்கிறது என்றுகூட எழுதினேன், வெட்கமில்லாமல். மகிழம்பூ உதிராமல் வேறென்ன செய்யும்? வியாழன் எழுதினால் வெள்ளி பத்து மணிக்கு ஷாந்தினி பேசுவாள். குறைகள் தீர்ந்துபோன ஒரு வாரம், காற்றடித்தால் அடிமரம் ஆடுகிறது என்று எழுதிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. திங்கட்கிழமை மரத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஆபத்தான மரம், புதன்கிழமை வெட்டப்படும், புகார் செய்தவர் திலகவதி. அது என் பெயர்.

புதன்கிழமை லாரியோடு ஷாந்தினியே வந்தாள், ஹெல்மெட் போட்ட சின்னப் பெண். அக்கம்பக்கம் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள்.

"இது ஆடாதும்மா," என்றேன். "நான் பொய் எழுதிட்டேன்."

"மத்ததெல்லாம் ஆன்ட்டி?"

"அந்த மஞ்சள் இலை மட்டும்தான் நிஜம்."

"ஏன் ஆன்ட்டி?"

வெட்டுகிறவன் கிளையில் கயிறு போட்டுக்கொண்டிருந்தான்.

"குறைன்னு போட்டாத்தானே நீ போன் பண்ணுவ."

ஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். தன் போனில் என் குறைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கயிற்றை அவிழ்த்து லாரியைத் திருப்பச் சொன்னாள்.

"இனிமே நல்லாருந்தா நலம்னே போடுங்க ஆன்ட்டி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் கேட்டது: மரம் எப்படி? நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சிவப்பு வட்டத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை. 'நலம்' அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு எழுந்துபோய் ஒரு தோசை ஊற்றினேன்.