பொன்னியம்மாவுக்குப் போட்ட நாற்காலி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பாடியில் நான் தட்டச்சு வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பேபி என்கிற பெண், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்ட கேள்வியிலிருந்து எடுத்தது.

"ஏங்க்கா, ஒங்க ஊட்ல அந்த இரும்பு நாற்காலி இன்னும் கீதா? எங்கம்மா குந்துனது?"

இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். (இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் உண்மை. மேசைக்குப் பொருந்துகிற நாற்காலி இந்த வீட்டில் இது ஒன்றுதான்.)

பேபியும் நானும் ஒரே ஊர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிறது, பெயர் வேண்டாம். அவள் காலனியில் பிறந்தவள். நான் மூன்று வருடம் முன்பு, எழுபத்தைந்தில், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கேன்டீனில் அவளுக்கு நான் அக்கா. ஊருக்குள் பார்த்தால் சின்னம்மா என்று கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பாள். ஒரு தடவைகூட நான் திருத்தியதில்லை.

2

முதல் தொடக்கம்: "1971 கோடையில் காலனிக் கிணறு வற்றிய அன்று, வானம் செம்பு நிறத்தில்..."

அடித்துவிட்டேன். வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "பரந்தாமன் நல்ல மனிதர்தான், ஆனால்..."

பரந்தாமன் என் மாமனார். அந்த 'ஆனால்' வரைக்கும் வந்து கை நின்றுவிட்டது. பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். என் எழுத்தைப் படிக்க மாட்டார், இருந்தாலும் பயம்தான்.

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பஞ்சாயத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும், காலனி ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்று மேலிருந்து சொன்னார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பேபியின் அம்மா பொன்னியம்மாவைப் போட்டார்கள். நாற்று நடுகிற பெண். கூட்டம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடக்கும். மற்றவர்களுக்கு நாற்காலி, பொன்னியம்மாவுக்கு வாசல் மண். அங்கிருந்து காதில் விழுகிறதைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கோடையில் ஊருக்கு ஒரே ஒரு அடிபம்பு ஒதுக்கினார்கள். எங்கே போடுவது என்று பார்க்க பிளாக் ஆபீசர் வந்தார். அன்று மட்டும் பொன்னியம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"பொன்னி, மேல ஏறிக் குந்து. கேட்டா சரின்னு சொல்லு" என்றார் என் மாமனார்.

ஆபீசர் கேட்கவும் செய்தார். "நீங்கதான் பொம்பள மெம்பரா? தலைவர் வீட்டு வாசல்லயே பம்பு போடலாங்கறாங்க. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பேபிக்கு அப்போது பதினான்கு வயது. வேலிக்கு அந்தப் பக்கம் காலனிப் பெண்களோடு காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் போனதும் நாற்காலியைக் கழுவினார்கள்.*

*யார் கழுவியது என்று பேபி சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

4

பொன்னியம்மா சொன்ன பதிலை நான் இப்படி எழுதினேன்:

அவள் எழுந்தாள். "ஐயா, ஊருல மூணு கெணறு கீது. எங்களுக்கு ஒண்ணுமில்ல. பம்பு காலனிக்குத்தான் வேணும்" என்றாள். கூடம் வாயடைத்துப் போயிற்று.

நேற்று கேன்டீனில் இதைப் பேபிக்குப் படித்துக் காட்டினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியிருந்தது. அவளும் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா கீதுக்கா" என்றாள். "ஆனா எங்கம்மா இப்டி பேசல. பேசியிருந்தா, நான் ஏன் இன்னும் ஒங்க ஊட்டு வாசல்ல குடத்த வெச்சிகினு நிக்கறேன்?"

"என்னதான் சொன்னாங்க?"

"சரிங்கன்னுச்சு. அவ்ளோதான்."

கையைக் கழுவிவிட்டு வந்து அவளே சொன்னாள். "பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிக்காதக்கா. சேத்துல நின்னுகினு, கூலி பத்தலன்னு ஒங்க மாமனார்கிட்டயே கேட்ட ஆளு அது. ஏரிக்கரை வரைக்கும் கேக்கும் அது கொரலு. அன்னிக்கு மேல குந்த வெச்சிட்டாங்க. காலு பாதி தொங்குது, எல்லாரும் அதையே பாக்கறாங்க. எப்ப எறங்க வுடுவாங்கன்னுதான் நெனச்சிகினு இருந்துச்சாம். அப்பால காலனிப் பொம்பளைங்க யாரும் அதும் மொகத்தப் பாத்துப் பேசல. நாற்காலில குந்துனியே, ஒரு வார்த்த கேட்டியான்னாங்க. அதுக்கு அது இன்னா சொல்லும்?"

எனக்கு மானமே போன மாதிரி இருந்தது. ஆபீசர் வருகிறார் என்று அவளை நாற்காலியில் ஏற்றினார்கள். நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்று நானும் ஏற்றினேன். அவர்களாவது ஒரு வார்த்தைதான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் ஒரு முழுப் பேச்சையே வாயில் திணித்தேன்.

5

முடிவுகள்.

(அ) காலனிக்குத் தனி பம்பு வருகிறது. வரவில்லை. ஏழு வருடம் ஆயிற்று.

(ஆ) மருமகள் வாசலுக்கு இறங்கி வருகிறாள், பொன்னியம்மாவின் கையைப் பிடித்து பம்புக் கைப்பிடியில் வைக்கிறாள், ஊர் திகைத்துப் போகிறது. இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் அழகாகிக்கொண்டே போனேன். கிழித்துவிட்டேன்.

(இ) இல்லை.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை. ஜன்னலுக்கு வெளியே அடிபம்பு தெரிகிறது. கைப்பிடியைக் காலனிக்காரர்கள் தொடக்கூடாது. குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர் ஆள் யாராவது வந்து அடித்தால் நிறையும். இந்த வீட்டு மருமகள் போய் அவர்களுக்குத் தண்ணீர் அடிக்கிற வழக்கம் இதுவரை இல்லை.

பொன்னியம்மா நிற்கிறாள். பக்கத்தில் பேபி. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"யாராச்சும் வாங்கம்மா. ரெண்டு குடம் அடிச்சி ஊத்துங்க" என்று பொன்னியம்மா கூப்பிடுகிறாள்.

இறங்கிப் போனேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். எனக்கு அதுதான் பயம். ஒரு வரி எழுதி முடித்ததும் போய் வந்த திருப்தி எனக்கும் வந்துவிடும், குடம் அங்கேயே காலியாக நிற்கும். எழுதுகிற கையும் பம்பு அடிக்க வேண்டிய கையும் எனக்கு ஒன்றுதான். நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

தயவுசெய்து படிப்பதை நிறுத்துங்கள்.