தண்ணீர் போன பக்கம்

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் காலையில் அசோகனின் ஃபைபர் படகு மரக்காணத்துக்குக் கிழக்கே நடுக்கடலில் கவிழ்ந்தது. கூடப் போன கார்த்திகேசனை மத்தியானம் வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்தது. அலை தங்களைப் பிரித்துவிட்டதாகவும், கடைசியாகப் பார்த்தபோது அசோகன் காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்ததாகவும் அவன் சொன்னான்.

அசோகனின் அண்ணன் வேல்முருகன் முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். வாடைக்காற்று திரும்பி நாலு நாள் ஆகிவிட்டது, தண்ணீரும் இனி தெற்கேதான் இழுக்கும் என்றார். குப்பத்தில் யாரும் மறுக்கவில்லை. ஏழு படகுகள் தெற்கே கிளம்பின.

அசோகனின் மனைவி சிவசங்கரி உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பத்துப் பெண். அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு குப்பத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம், அவன் தினமும் பார்க்கிற கடல் நிலவரப் படத்தைச் செல்போனில் திறந்தாள். நீரோட்டத்தைக் காட்டுகிற அம்புக்குறிகள் எல்லாம் வடக்கே பார்த்திருந்தன. கரையோர நீரோட்டம் இங்கே அடிக்கிற காற்றை மட்டும் நம்பி ஓடுவதில்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி பூமத்திய ரேகையில் அடிக்கிற காற்றும் அதைத் தள்ளும், இந்த வருஷம் நீரோட்டம் இன்னும் தெற்கே திரும்பவில்லை என்று கீழே போட்டிருந்தது.

போனை வேல்முருகனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவருக்குக் கண் சிவந்திருந்தது.

"வாடை அடிக்குது, தண்ணி வடக்க போவுமா? உப்பளத்துல இருந்து வந்தவ நீ. கடலப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் தெற்கே பொம்மையார்பாளையம் வரை தேடினார்கள். அதற்கடுத்த நாள் கடலூர் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் போனைப் பார்த்தாள். அம்புகள் மாறவில்லை. ஒரு படகையாவது வடக்கே அனுப்பச் சொல்லலாம் என்று வாசல் வரை வருவாள். தன் புருஷனுக்காகப் பிழைப்பை விட்டுவிட்டு அலைகிறவர்களிடம் போய், தப்பான பக்கம் தேடுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? போன்தான் பொய் சொல்கிறதோ என்றும் தோன்றும்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில், சென்னைக்கும் வடக்கே இருக்கிற பழவேற்காட்டு மீனவர்கள் போன் செய்தார்கள். கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருந்தது. பக்கத்தில் கிடந்த கேனில் பெயிண்டால் எழுதிய படகு நம்பரை வைத்து விசாரித்திருந்தார்கள்.

வேல்முருகன் போய் அடையாளம் காட்டினார். இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வேல்முருகன் அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிவசங்கரியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நாலு நாளா உசுரோட இருந்திருக்கான்மா. வடக்க ஒரு படகு போயிருந்தா போதும்."

அவள் அவரைத் திட்டவில்லை. "ஒரு தடவதான் சொன்னேன் மாமா," என்றாள். "சண்ட போட்டிருக்கணும்."

அதன் பிறகு வேல்முருகன் கடலில் இறங்கவில்லை. சிவசங்கரி தாய்வீட்டுக்குப் போனாள். மழைக்காலம் முடிந்து பாத்திகளில் தண்ணீர் விட்டதும் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை செய்கிற பெண்கள் அவளை வலியப் பேச வைக்கப் பார்ப்பார்கள். அவள் காதில் ஒன்றும் விழாது. அந்த நாலு நாளைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாம் ராத்திரி மாமல்லபுரத்துக்கு நேராக மிதந்திருப்பான். மூன்றாம் ராத்திரி சென்னை வெளிச்சம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.