பாட்டில் பிடித்த கை

ஃபுட்பாலில் ரிசர்வ் கீப்பரின் பிழைப்பு தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்வர்டு ஆடுகிறவன் பெஞ்சில் உட்கார்ந்தால் கடைசிப் பத்து நிமிஷமாவது இறக்கிவிடுவார்கள். கீப்பருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிறவனுக்குக் கையோ காலோ உடைந்தால்தான் உட்கார்ந்திருப்பவனுக்கு வழி. நஸ்ருதீன் நாலு சீசனாகக் கடலூர் கெடிலம் எஃப்.சி.யின் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நின்றவன் தமீம் அன்சாரி. அந்த மகராசனுக்கு ஒரு சுளுக்குகூட வந்ததில்லை.

போதாததற்குத் தமீம் அவனுக்கு மச்சான் வேறு. தங்கை ஷாசியாவைக் கட்டியவன். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்கியிருந்தான். மைதானத்தில் அவனைப் பார்த்துப் புழுங்கிவிட்டுச் சிதம்பரத்தில் வீட்டுக்கு வந்தால், சாப்பிடும் இடத்திலும் எதிரே அவனேதான் உட்கார்ந்திருப்பான். உம்மா சைதுன் பீவி வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து மருமகனுக்கு வைப்பாள். மகனுக்கு வால் பக்கம்.

"மாப்பிள்ளை ஆடுறவுங்க. நல்லா சாப்புடணும்" என்பாள்.

அப்போ நான் யாராம்? இதை நஸ்ருதீன் வாய்விட்டுக் கேட்டதில்லை. முள் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவான்.

தினமும் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் கடலூருக்குப் பயிற்சிக்குப் போவார்கள். கண்டக்டர் தமீமைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். போன மேட்ச்சில் பிடித்த பந்தைப் பற்றிப் பேசியபடியே ஜன்னல் சீட்டைக் காட்டுவார். நஸ்ருதீனிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்பார். செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் நெடி வந்து பஸ் முழுக்க மூக்கைப் பொத்திக்கொள்ளும். தமீமும் பொத்திக்கொள்வான். அந்த ஓர் இடத்தில்தான் நஸ்ருதீனுக்கு இரண்டு பேரும் சமம் என்று தோன்றும். சிப்காட் கடந்ததும் அதுவும் போய்விடும்.

பெஞ்சிலிருந்து அவன் பார்த்த வேலை ஒன்று உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அதில் அவன் கெட்டிக்காரன். எதிர் டீமில் பெனால்டி அடிக்கிறவர்களின் வீடியோவையெல்லாம் போனில் போட்டுப் பார்த்து, யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று மனப்பாடம் செய்துவிடுவான். மேட்ச் பெனால்டிக்குப் போனால், ஒவ்வொருவன் அடிக்க வரும்போதும் தமீம் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பான். நஸ்ருதீன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவான். எந்தக் கையில் பாட்டில் இருக்கிறதோ அந்தக் கைப்பக்கம் தமீம் பாய வேண்டும். இது இருவருக்கும் கோச் ஞானசேகரனுக்கும் மட்டுமே தெரியும்.

அந்த வருஷம் கெடிலம் ஃபைனலுக்கு வந்தது. கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் தமீமைப் பார்க்க வருகிறார் என்று ஒரு வாரமாகவே பேச்சு. மேட்ச் அன்று காலையில் ஷாசியா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அவுங்க கோவாவுக்குப் போயிட்டா இங்க நீதாண்ணே கீப்பர். கோச்சே சொல்லிட்டாராம்."

"சொல்லட்டும்."

"உனக்கு சந்தோஷமா இல்லியா?"

"இருக்கு, போ."

எங்கே இருந்தது? வயிறு எரிந்தது. அவன் கோவாவுக்குப் போவான். டிவியில் வருவான். உம்மா அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு வைத்துக் காட்டுவாள். அவன் வேண்டாமென்று விட்டுப்போன இடத்தில் நான் போய் நிற்க வேண்டுமா? தமீம் போனால் தனக்குத்தான் லாபம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. லாபம் பார்க்கிற மனசாக இருந்தால் அது ஏன் நாலு வருஷமாக மீன் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

கடலூர் ஸ்டேடியத்தில் உட்கார இடமில்லை. எதிரே தூத்துக்குடி டீம். ஆளுக்கு ஒரு கோல் போட்டு ஆட்டம் பெனால்டிக்குப் போனது. நஸ்ருதீன் பாட்டிலோடு பெஞ்சை விட்டு எழுந்தான். முதல் நாலு பேருக்கும் தமீமின் கண்ணைப் பார்த்துச் சரியாகவே காட்டினான். ஒரு பந்தைத் தமீம் தட்டிவிட்டான். ஸ்டேடியம் முழுக்க "தமீம், தமீம்" என்று கத்தியது. காட்டியவன் பெயரை எவன் கத்தினான்?

கடைசியாகத் தூத்துக்குடியின் ஆரோக்கியராஜ் வந்தான். இதைத் தடுத்துவிட்டால் கோப்பை கடலூருக்கு. தமீமுக்குக் கோவா. நெருக்கடியான பெனால்டியை ஆரோக்கியராஜ் கீப்பருடைய இடது பக்கம்தான் அடிப்பான். நஸ்ருதீன் அத்தனை வீடியோவிலும் அதைப் பார்த்திருந்தான். தமீம் திரும்பிப் பார்த்தான்.

நஸ்ருதீன் குனிந்து பாட்டிலைப் பார்த்தான். பார்த்தபடியே அதை வலது கைக்கு மாற்றித் தூக்கினான்.

ஆரோக்கியராஜ் இடது பக்கம்தான் அடித்தான். தமீமும் இடது பக்கம்தான் பாய்ந்தான். பந்து அவன் இரண்டு கைக்குள்ளும் வந்து அடங்கியது.

அப்புறம் என்ன, தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். யூடியூப் சேனல்காரர் மைக்கை நீட்டியபோது தமீம், "எல்லாம் என் மச்சான் காட்டுனதுதான்" என்றான். ஞானசேகரன் ஓடிவந்து நஸ்ருதீனைக் கட்டிக்கொண்டார். யாரோ அவன் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்கள்.

எல்லாரும் வேனுக்குப் போன பிறகு டிரஸ்ஸிங் ரூமில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தமீம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நஸ்ருதீனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் மச்சான் அந்தப் பக்கம் பாஞ்ச?"

தமீம் தலை நிமிரவில்லை. "எப்பவும் என் கண்ணப் பாத்துட்டுத்தான் கைய தூக்குவ. அப்ப மட்டும் பாக்கல."

நஸ்ருதீன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றினான்.

"ஷாசியாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றான் தமீம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போய்விட்டான்.

தமீம் கோவாவுக்குப் போனான். ஷாசியாவையும் கூட்டிக்கொண்டு போனான். நஸ்ருதீனுக்கு இடம் கிடைத்தது. பெஞ்சுக்குப் புவனகிரியிலிருந்து சித்தார்த் என்று ஒருவன் வந்தான். கல்யாணமானவன், நல்ல உயரம், அதிகம் பேசாதவன். பயிற்சியில் அவன் ஒரு பந்தை நன்றாகப் பிடித்துவிட்டால் நஸ்ருதீனுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இவன் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்பான்? அவனை ஓரக்கண்ணால் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

அடுத்த சீசன் அரையிறுதி சிதம்பரத்திலேயே, பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. அன்று மத்தியானம் உம்மா நடுத்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"ஆடுற புள்ள, நல்லா சாப்புடு" என்றாள். அவன் முள்கூட மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதுவும் பெனால்டிக்கே போனது. இப்போது பாட்டில் சித்தார்த்தின் கையில் இருந்தது. அவன் காட்டிய பக்கமெல்லாம் பாய்ந்து நஸ்ருதீன் ஒன்றைத் தடுத்தான். ஊர்க்காரர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தான். எதிர் டீமின் கடைசி ஆள் பந்தை வைத்தான். இது கோலானால் கெடிலம் வெளியே.

நஸ்ருதீன் பெஞ்சைப் பார்த்தான். சித்தார்த்தின் இடது கையில் பாட்டில் உயர்ந்திருந்தது. ஆனால் அவன் கண் நஸ்ருதீன்மேல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அடப்பாவி, நீயுமா? என் இடத்துக்குத்தானே? விசில் கேட்டது. நஸ்ருதீன் வலது பக்கம் பாய்ந்தான்.

பந்து இடது பக்கம் போய் வலையில் விழுந்தது.

எதிர் டீம் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நஸ்ருதீன் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். முதலில் ஓடிவந்தவன் சித்தார்த்துதான். அவன் கண் கலங்கியிருந்தது.

"லெஃப்ட்டுன்னுதானண்ணே காட்டுனேன்? நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணே?"

நஸ்ருதீன் அவன் முகத்தைப் பார்த்தான். "நீ ஏன் கீழ குனிஞ்ச?"

சித்தார்த்துக்குக் கேள்வியே புரியவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

"கண்ண மூடி சாமிய வேண்டிக்கிட்டேண்ணே. நீங்க புடிச்சிரணும்னு."

பாட்டில் இன்னும் அவனுடைய இடது கையிலேயே இருந்தது. மூடியைத் திறந்து, குடியுங்கள் என்று நீட்டினான். நஸ்ருதீனுக்கு அதை வாங்கக் கை வரவில்லை.