கம்பி நினைவில் வைத்த மத்தியானம்

1995 மார்ச் 14, செவ்வாய். ஃபிர்மாத் ஊர்க் கசாப்புக்கடைக்காரருக்கு, நான் வெப்பவியல் தேர்வில் தோற்றது நினைவிருக்கிறது. கம்பியை அடுப்பில் வைத்தபோது என் கவனம் அங்கே இல்லை. தவறு என்னுடையது.

தெல்ஃபினா ஸ்பாரா அன்று தன் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதினாள். மீதியை ரொசாரியோ நகரில், அரோயிதோ பேட்டையில் எல்லோரும் அறிவார்கள். கசாப்புக்கடைக்காரர், வயிற்றில் கம்பி வைத்த அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும், தண்ணீர் கேட்கவில்லை, மனைவியைக் கேட்கவில்லை. "மூணாவது கணக்குல யூனிட்ட மாத்த மறந்துட்டேன் டாக்டர், மறுபடி எழுத விடுவாங்களா?" என்று கேட்டார். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அதே அடுப்பில் அதே மத்தியானம் வெந்த இன்னொரு கம்பி, பெர்காமினோவில் ஒரு விதவையின் வயிற்றுக்குள் போயிருந்தது. அந்த அம்மாளும் ஒரு வாரம் சாப்பிடப் பிடிக்காமல், பேராசிரியர் ஒருவரின் மீசையைத் திட்டிக்கொண்டிருந்தார். மற்றபடி இருவருக்கும் ரத்தம் ஒழுங்காக ஓடியது. அறுவை செய்த டாக்டர் உகார்த்தே இரண்டையும் வெற்றி என்றே குறித்துக்கொண்டார்.

அந்த அடுப்பு இருந்த பட்டறை இலாரியோ கத்தானியோவுடையது. அதற்கு முன் அவர் தூண்டிலுக்கு நூல் சுற்றும் ராட்டை செய்துகொண்டிருந்தார். பரனா ஆற்றில் அவருடைய ராட்டையால் பிடிபடாத மீன் கிடையாது என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. பிறகு கடல் தாண்டி வந்த ராட்டைகள் அவர் வாங்கும் திருகாணியைவிட மலிவாகிவிட்டன. அந்தச் சமயத்தில்தான் பழுதான ராட்டையைக் கொண்டுவந்த டாக்டர் உகார்த்தே, மெல்லிய குழாய் ஒன்றை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுக்கிற ஒரு கைப்பிடி வேண்டும் என்று கேட்டார். வயிற்றில் ஓடும் பெருந்தமனி சில பேருக்கு வயதான காலத்தில் சைக்கிள் டியூப் போல ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். வெடித்தால் ஆள் இல்லை. வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கு வழியாக ஒரு மெல்லிய உறைக்குழாயை மேலே அனுப்பி, அதற்குள் மடங்கிக் கிடக்கும் துணிக்குழாயைப் புடைப்புக்குள் விரித்துவிட்டால், ரத்தம் அந்தப் புதுக் குழாய்க்குள்ளேயே ஓடும், புடைப்பு ஓய்ந்துவிடும். துணியை விரித்துப் பிடிப்பது கம்பி. தீயில் என்ன வடிவம் கற்றுக்கொடுக்கிறோமோ அதைக் கம்பி மறக்காது. பனிக்கட்டித் தண்ணீரில் போட்டால் சோர்ந்து பென்சில் தடிமனுக்கு மடங்கும், உடம்புச் சூடு பட்டதும் பழையபடி விரியும்.

வடிவத்தோடு சேர்த்து அந்த மத்தியானத்தையும் அது மறப்பதில்லை என்பது மெல்ல மெல்லத் தெரிய வந்தது. சான் லொரென்சோவின் மருந்துக்கடைக்காரர் தான் பார்க்காத ஒரு கால்பந்தாட்டத்தின் கடைசி கோலை விவரித்தார். அன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டது இலாரியோ, பக்கத்தில் ரேடியோ. அடுப்பில் கம்பியை யார் வைக்கிறார்களோ அவர்களுடைய மத்தியானம்தான் கம்பிக்குள் போகிறது என்று பட்டறை முடிவு கட்டியது. அதற்கேற்ப நடந்தும் கொண்டது. அடுப்பு எரியும்போது யாரும் கெட்ட செய்தி கொண்டுவரக்கூடாது. மின்சாரத் துறை ஆள் இணைப்பைத் துண்டிக்க வந்தால், கையில் மாத்தே குவளையைக் கொடுத்து வாசலில் உட்கார வைப்பார்கள். அவரும் கசப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு காத்திருப்பார். கல்யாண உடுப்பு தைத்துக்கொண்டிருந்து, இப்போது கம்பியில் துணி தைக்கும் எல்வேசியா, ஒவ்வொரு குழாயையும் முடித்ததும் தூக்கிப் பார்த்து, "வெள்ளைத் துணி, நல்ல தையல். உள்ள வாங்கிக்கிறவருக்குக் கல்யாணம்னு வெச்சுக்க" என்பாள். மீன்பிடி கிரீஸும் சுட்ட உலோகமும் மாத்தேயும் கலந்த அந்தப் பட்டறையின் வாசம், இன்று அங்கே நிற்கும் அடுக்குமாடி வீட்டின் லிப்டில் எப்போதாவது வருவதாகக் குடியிருப்பவர்கள் சொல்கிறார்கள்.

தெல்ஃபினா பகலில் குழாய்களை வரைந்தாள், மாலையில் பொறியியல் வகுப்புக்குப் போனாள். ஒன்றை மூன்று தடவை அளந்துவிட்டு நான்காவது தடவை அளக்கலாமா என்று யோசிக்கிறவள். இலாரியோ அவளை ஒல்லி என்றுதான் கூப்பிடுவார். அந்த ஆண்டு குளிர்காலத்தில் அவளுடைய அப்பாவின் வயிற்றில் புடைப்பு இருப்பது தெரிந்தது. அம்ப்ரோசியோ ஸ்பாரா, மூடப்பட்ட ரயில் பட்டறையில் வெல்டராக இருந்தவர். நுரையீரல் புகையில் வெந்துபோயிருந்ததால் கத்தி வைக்க முடியாது. குழாய் ஒன்றுதான் வழி. அதிலும் சிக்கல் இருந்தது. புடைப்புக்கு மேலே குழாய் பற்றிக்கொள்ள வேண்டிய இடம் அவருக்கு முழங்கை போல வளைந்திருந்தது. பாதி விரிந்த குழாய்க்குள் ரத்தம் படகுப் பாயில் காற்று புகுவதுபோலப் புகுந்து, அதைக் கீழே தள்ளிவிடும். தெல்ஃபினா குழாயின் மேல்முனையை ஒரு நூலால் நடுக்கம்பியோடு கட்டிவைக்கிற மாதிரி புதிதாக வரைந்தாள். மற்றதெல்லாம் விரிந்து நிற்கும்வரை மேல்முனை மூடியே இருக்கும். இடம் சரியென்று கண்டபின் நூலை உருவினால் போதும். வளைந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீரைப் பம்பு செய்து, இரண்டு மாதம் அதைச் சோதித்தாள். நழுவவில்லை. நழுவாததையும் அவள் முழுக்க நம்பவில்லை.

நழுவியது அப்பாதான்.

"அடுத்தவன் மத்தியானத்த வயித்துல வெச்சுக்கிட்டு நான் திரியணுமாக்கும்?" என்றார்.

"அப்பா, அது வெடிச்சா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் போய்ச் சேர முடியாது."

"போகலன்னா போகட்டும். என் மத்தியானத்தோட நான் போய்க்கிறேன்."

எந்த மத்தியானம் என்று அவள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரவியோலி தின்று முடித்து, தட்டை ரொட்டியால் துடைத்தபின்தான் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தைய வசந்தம். ஆற்றுக்கு அக்கரையில் தீவு. அவரும் தெல்ஃபினாவின் அம்மா ஆல்சிராவும். ஒயினில் நறுக்கிப் போட்ட பீச் பழம். ஆல்சிரா தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், படகின் கட்டு அவிழ்ந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை. ஒரு மீனவன் வந்து ஏற்றிக்கொள்ளும்வரை அங்கேயே கிடந்தார்கள். ஆல்சிரா போய் ஆறு வருஷம் ஆகிறது. "அவ போட்டிருந்த கவுன் நிறமே இப்ப வரமாட்டேங்குது எனக்கு. இன்னொன்ன அது மேல கொண்டுவந்து வெச்சா, கொஞ்சநஞ்சம் இருக்கறதும் அமுங்கிப் போயிடும். அதான் வேண்டாங்கறேன். புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அதனால் வாதாடவில்லை. அதே தீவு, அதே வசந்தம், அதே சாப்பாடு, கம்பியை அடுப்பில் வைப்பது அவருடைய கை. அப்படியானால் அது அடுத்தவன் மத்தியானம் ஆகாது அல்லவா என்று கேட்டாள். அம்ப்ரோசியோ கொஞ்ச நேரம் பல் குத்திக்கொண்டிருந்தார். பிறகு, அன்று தான் வைக்கோல் தொப்பி போட்டிருந்ததாகச் சொன்னார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கம்பி ஒரே ஒரு குழாய்க்குத்தான் இருந்தது. அடுத்த சுருள் துறைமுகத்தில், வேலைநிறுத்தத்தில் மாட்டிக் கிடந்தது. டாக்டர் உகார்த்தே ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு இந்த மாதத்தைத் தாண்டவேண்டாம் என்றார். அந்த ஊரில் வசந்தம் வருவது அக்டோபரில். அதில் ஒரு ஞாயிறு, இலாரியோவின் படகில் அடுப்பையும் ஜெனரேட்டரையும் ஏற்றினார்கள். பீச் பழத்துக்கு இன்னும் காலம் வரவில்லை, தெல்ஃபினா டின்னில் வாங்கியிருந்தாள். "ஆல்சிரா மட்டும் இந்த டின்னப் பாத்திருந்தா உன்னையும் சேத்து ஆத்துல வீசியிருப்பா" என்றார் அம்ப்ரோசியோ. ஆனால் அன்று அவர் சவரம் செய்திருந்தார். இடுக்கியால் கம்பி சுற்றிய அச்சைப் பிடித்து அடுப்புக்குள் வைக்க, வீட்டில் சோற்றுக் கரண்டியை வைத்து இரண்டு நாள் பழகியும் இருந்தார்.

தீவில் போகா மீனைக் கரியில் சுட்டார்கள். இலாரியோ எலும்பை உமிழ்ந்தபடி, அந்த மீனைத் தன் ராட்டைதான் பிடித்தது என்றார். மீன் சந்தையில் வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் மறுக்கவில்லை. ஒயின் பீச் முடிந்தது. அடுப்பு சூடேற நேரமாகும் என்றதும் அம்ப்ரோசியோ வில்லோ மரத்தடியில் போய்ப் படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். ஆள் ஐம்பது வருஷமாகத் தவறாமல் மத்தியானத் தூக்கம் தூங்கியவர். மத்தியானத் தூக்கம் தூங்குகிற பெரியவரை அந்த ஊரில் வீடு பற்றி எரிந்தால்கூட யோசித்துத்தான் எழுப்புவார்கள். தீவில் என்ன வேண்டும் என்பதையெல்லாம் யோசித்த தெல்ஃபினா, இதை மட்டும் யோசிக்கவில்லை.

அடுப்பு சூடேறியது. ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது.

"பெட்ரோல் டின் எங்க, இலாரியோ ஐயா?"

"பட்டறையில, ஒல்லி. கதவுக்குப் பக்கத்துல, மறக்கக் கூடாதுன்னு நாந்தான் வெச்சேன்."

அவள் ஓடிப்போய் அப்பாவின் தோளைத் தொட்டாள். தொப்பிக்கு அடியிலிருந்து, "அஞ்சு நிமிஷம், ஆல்சிரா" என்றார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் இப்போது இருக்கும் இடத்திலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வர அவளால் முடியவில்லை. ஜெனரேட்டர் மறுபடி இருமியது. அவளே இடுக்கியை எடுத்தாள், கம்பியை வைத்தாள், கதவைச் சாத்தினாள், நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே எடுத்து ஆற்றுத் தண்ணீரில் முக்கியதும் ஜெனரேட்டர் அணைந்தது.

திரும்பி வரும்போது படகிலேயே சொல்லிவிட்டாள். அம்ப்ரோசியோ தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டார். இலாரியோ துடுப்பை எடுத்துத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டும்போது, "எழுப்பியிருக்கலாம்ல" என்றார் அம்ப்ரோசியோ.

"எழுப்பினேன்ப்பா."

"இன்னொரு தடவ எழுப்பியிருக்கலாம்ல."

அவள் அடுப்பின் பக்கம் குனிந்தாள். அவர் படித்துறையில் ஏறினார். நாலு படி ஏறி, மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தார். அவள் அடுப்பைத் தனியாகத் தூக்க முயன்றுகொண்டிருந்தாள். "சரி விடு," என்றார். "தெரிஞ்சவ மத்தியானம்தான. வேற எவனோ ஒருத்தனுதுன்னாதான் வேண்டாம்னேன்."

அறுவை நடந்த காலை தெல்ஃபினா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தாள். டாக்டர் உகார்த்தே கைப்பிடியின் ராட்டையைச் சுற்றச் சுற்ற, உறை பின்வாங்கி, குழாய் வளைவுக்குக் கீழே விரிந்தது. ரத்தம் அதை அறைந்தது. குழாய் நடுங்கியது, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கீழே இறங்கப் பார்த்து, நூல் இழுத்துப் பிடிக்க மேலே திரும்பியது. டாக்டர் குழாயை இம்மி நகர்த்தி, பொறுத்துப் பார்த்து, நூலை உருவினார். மேல்முனை விரிந்து சுவரைப் பற்றியது. சாய மருந்தைச் செலுத்தியபோது புடைப்புக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. தெல்ஃபினா இன்னொரு முறை சாயம் செலுத்திப் பார்க்கச் சொன்னாள். டாக்டர் திட்டிக்கொண்டே செலுத்தினார். அப்போதும் போகவில்லை.

சாயங்காலம் அம்ப்ரோசியோ கண் விழித்தார். 

"நான் இவ்ளோ சத்தமாவா குறட்டை விடுவேன்?"

"ஏதாச்சும் தெரியுதாப்பா?"

தெரிந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். வில்லோ மரம். அதன் கீழே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு கிழவன். அவன் வயிறு ஏறி இறங்குகிறது. இறங்குகிற ஒவ்வொரு தடவையும், மறுபடி ஏறுமா என்று ஒரு பயம் நெஞ்சைப் பிடிக்கிறது. ஏறியதும் விடுகிறது. கிழவன் தான்தான் என்று முதலில் பிடிபட்டதாம். பயம் தன்னுடையது அல்ல என்பது அப்புறம்தான் பிடிபட்டதாம்.

"முழு நேரமும் என்னையேவா பாத்துக்கிட்டு நின்ன?"

"இல்லப்பா. அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"பொய் சொல்லாத. அடுப்பு ஒரு தடவகூட வரல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொட்டு மருந்து சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள். அம்மாவின் மத்தியானம் அமுங்கிவிட்டதா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். அது அங்கேதான் இருக்கிறதாம். பஸ்ஸில் ஒருவர் ஏறினால் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் விடுவதுபோலக் கொஞ்சம் நகர்ந்துகொண்டதாம், அவ்வளவுதான். கவுன் நிறம் இன்னும் வரவில்லை. இனி அதைப்பற்றி அவ்வளவு கவலையில்லை என்றார்.

அதற்குப் பிறகு அவர் பதிமூன்று வருஷம் இருந்தார். மத்தியானத் தூக்கத்தின் நடுவே தானே விழித்து, தன் வயிறு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவார். அக்கம்பக்கத்தார் கேட்டால், அது மகளின் பழக்கம், தனக்குத் தொற்றிக்கொண்டது என்பார். தெல்ஃபினா வெப்பவியலை மூன்றாவது தடவையில் தேறினாள். நூல் கட்டிய மேல்முனை வேறு வேறு ஊர்களுக்குப் போனது. இலாரியோ இறந்தார், எல்வேசியா கண்ணாடியை மாற்றிக்கொண்டு தைத்தாள். பட்டறை வேறிடத்துக்கு மாறியது. நோயாளிகள் அளவு கொடுக்க வரும்போது, ரத்த வகையைச் சொல்வது மாதிரி, எந்த மாதிரி மத்தியானம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பலர் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சமையல்கட்டுச் சத்தம், பக்கத்து வீட்டு நாய், யாரோ மாத்தே நீட்டுவது. முடிந்ததைச் செய்து கொடுத்தார்கள். முடியாததை முடியாது என்றார்கள்.

2008 நவம்பர் 19, புதன். அப்பாவின் துணிமணிகளை இன்று தேவாலயத்தில் கொடுத்துவிட்டேன். காசில்தா ஊர் ரொட்டிக்கடைக்காரருக்கு அளவு எடுத்தாயிற்று, இரண்டு முறை சரிபார்த்தேன். அவருக்கு மழை பெய்கிற மத்தியானம் வேண்டுமாம். நாளை மழை வரும் என்கிறார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு அடுப்பைப் பற்றவைத்து, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.