தனியாகக் கேட்டால் மட்டும்

சின்னவள் கட்டிலில் ஏறிக் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிப்பதுதான் ஒரு வருடமாக அவள் வேலை. வார்டுக்குப் போகுமுன் மாணவர்கள் இந்த அறையில் பேசிப் பழகுவார்கள். வெட்கம், பயம், வீட்டுக் கட்டுப்பாடு என்று ஒரு பெண் எதையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்திருப்பாள் என்பதுதான் பாடம்.

மாமியாராக நடிக்கும் ஆய்வகக்கார அம்மா கொண்டையை இறுக்கிக்கொண்டாள். "உன்னை அதட்டி அதட்டி, வீட்டுல மருமககிட்டயும் இதே குரல் வருதுடி. அவ பெட்டியக் கட்டிட்டா."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தாளைக் காலையிலிருந்து ஏழெட்டு முறை படித்திருந்தாள். அடிவயிற்றில் வலி. எல்லாவற்றுக்கும் மாமியார்தான் பதில் சொல்வார். நோயாளி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். தனியாகக் கேட்டால் மட்டும் ரத்தப்போக்கைச் சொல்ல வேண்டும்.

எழுதியவர் பேராசிரியர். தலைப்பைச் சுற்றும் அந்த விரல் அக்காவுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் அறை வாசலில், அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு சின்னவள் நின்றிருந்தாள். அவர் அக்காவின் மாமியாரைப் பார்த்தே கேட்டார். "வாயு" என்றாள் மாமியார். அதற்கே மாத்திரை எழுதினார். மூன்றாம் நாள் அக்கா இல்லை. தாளின் கடைசி வரியில் நோயாளி பிழைத்துக்கொள்கிறாள்.

இன்று அவரே செய்துகாட்டப்போகிறார். எட்டு மாணவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று ஆய்வகக்கார அம்மாவை அனுப்பினார். ஸ்டூலை இழுத்து, அவளைவிடத் தாழ்வாக உட்கார்ந்தார். "இப்ப நீங்களே சொல்லுங்கம்மா. என்ன பண்ணுது?"

எவ்வளவு இதமான குரல். அன்றைக்கும் இப்படி ஸ்டூலை ஒரு முழம் இழுத்திருந்தால் போதும்.

"வாயுதான் டாக்டர்."

அவர் தாளைப் பார்த்தார். "ரத்தம் ஏதாவது படுதாம்மா?"

"இல்லைங்க."

பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் மேலுதட்டில் வேர்த்திருந்தது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "வசனம் மறந்துபோச்சா?" என்றார்.

"எதுவும் மறக்கல சார்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலை. தலைப்பு அதில் இறுகிச் சுற்றியிருந்தது. அவர் முகம் மெல்ல வெளுத்தது. ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தான். வாயில் கரும்பு கடித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்த மாணவி முழங்காலில் நோட்டை வைத்து எழுதினாள். உருண்டை உருண்டையான எழுத்து. சின்னவளால் படிக்க முடிந்தது: தனியாகக் கேட்டாலும் பயனில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு வார்டு.

பயிற்சி முடியும் மணி அடிக்க அரை நிமிடம் இருந்தது. அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை. "ஒரு தடவை சொல்லிடுங்கம்மா" என்றார். இப்போது அது யாரிடம் கேட்ட குரல் என்று தெரியவில்லை.

சொன்னால் அவர் தப்பித்துவிடுவார்; சொல்லாவிட்டால் அந்த வரி வார்டுக்குப் போகும். மாணவி எழுதியதன் அடியில் ஒரு கோடு போட்டாள். பேனா நோட்டின் ஓரத்துக்குத் திரும்பி, இரண்டாவது கோட்டை இழுக்கத் தொடங்கியது.