ஊதா விரல்

பைன் கிளை ஒன்று, சிலியாவின் கையில் ஒட்டியிருந்த சர்க்கரை உணரியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஏழு வயதுக் குழந்தை. அவள் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அம்மா சைலாவின் கைபேசிக்குச் சொல்வது அந்தச் சின்ன வட்டம்தான். அது போனதும் சைலாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. அவர்கள் நின்றிருந்ததும் காட்டில்தான். பின்லாந்தில் ஆகஸ்டு வந்தால் யார் வீட்டில் இருக்கிறார்கள், புளூபெர்ரிப் பழம் பறிக்காமல்?

நல்லவேளை, விரலில் குத்திப் பார்க்கும் கருவி பையில் இருந்தது. அப்பா தார்மோ ஒரு சொட்டு எடுத்துக் கருவியின் பட்டையில் தொட்டான். இருபத்திநாலு! அந்த ஊர்க் கணக்கில் ஐந்தாறு இருந்தால் நிம்மதி.

"அடி கள்ளி, வாளியில போட்டதைவிட வாயில போட்டதுதான் ஜாஸ்தியா?"

"இல்லப்பா... பறிக்க மட்டும்தான் செஞ்சேன்." குரல் தேய்ந்தது. தரையில் படர்ந்த பாசியின்மேல் சாய்ந்துகொண்டாள்.

"இன்சுலின் பேனாவை எடு சைலா. நாலு யூனிட் போட்டுடு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு தெரியும்ல?"

சைலா பேனாவைத் திருகி, மகளின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பிடித்தாள். சில்லென்று, சொதசொதவென்று இருந்தது. சர்க்கரை ஏறினால் தண்ணீர் தண்ணீர் என்று உயிரை வாங்குகிறவள், இப்படி வியர்க்கவே மாட்டாள். சைலா பேனாவை அப்படியே நிறுத்தினாள்.

"போடு! என்ன யோசனை?"

"இரு. வேர்த்துக் கொட்டுது இவளுக்கு."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"கொஞ்சம் வாயை மூடு!"

சைலா மகளின் விரலைப் பார்த்தாள். ஊதா. ஆகஸ்டில் அங்கே எல்லார் விரலும் ஊதாதான். அதை அழுக்கென்று யாரும் நினைப்பதில்லை. இவர்களும் நினைக்கவில்லை. பழச்சாற்றின் மேலேயே குத்தியிருக்கிறார்கள். பாவம் கருவி, ரத்தத்தோடு பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளந்திருக்கிறது.

குடிதண்ணீரை ஊற்றி இன்னொரு விரலைத் தேய்த்துக் கழுவி, தன் பனியனில் துடைத்துக் குத்தினாள். கருவியில் எண் வந்தது.

இரண்டு புள்ளி ஒன்று.

அந்த ஊசி ஏறியிருந்தால் பிள்ளை பாசியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டாள். தார்மோ பையிலிருந்த ஜூஸ் டப்பாவைப் பல்லால் கிழித்து மகளின் உதட்டில் வைத்தான்.

"முழுங்குடா செல்லம்... இன்னும் ஒரு வாய்... கண்ணை மூடாதே, அப்பாவைப் பாரு."

கொசு மொய்த்தது. விரட்டக்கூட இருவருக்கும் தோன்றவில்லை. மெல்ல மெல்லச் சிலியாவின் பார்வை தெளிந்தது. மறுபடி அளந்தாக வேண்டும். சைலா விரலில் குத்தும் ஊசியை எடுத்தாள். மகளின் விரலருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டாள். குத்த முடியவில்லை.

சிலியாவே விரலை நீட்டினாள்.

"பயப்படாதம்மா. குத்து. எனக்கு வலிக்காது."

அதுவரை அழாதிருந்த சைலா அப்போதுதான் உடைந்து அழுதாள்.