அழகுபாண்டியின் எடை

வெயிட் தூக்குவது குத்துச்சண்டைக்காரனுக்கு நல்லதா கெட்டதா என்று எங்கள் கிளப்பில் ஒரு வருஷமாக வாய்ச்சண்டை. "தோள் இறுகிரும்டா யாசீனு, குத்து லேட்டாத்தான் போகும்" என்று பாண்டிராஜ் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். நான் கேட்கிற ஆளா? கூடப் பயிற்சி செய்யும் அழகுபாண்டியை ஒத்தக்கடை ஜிம்முக்கு நானே இழுத்துப் போனேன். பயலுக்கு வேகம் உண்டு, குத்தில் கனம் இல்லை. யாராவது இடித்தால் கயிறு வரை போய் விழுவான்.

நான் சொன்னதுதான் பலித்தது. இப்போது அவன் குத்தைத் தடுத்தாலே முழங்கை வரை வலிக்கிறது. ஆனால் சதையும் கூடிவிட்டது. அறுபது கிலோ பிரிவில் ஆடியவன் அதைத் தாண்டிவிட்டான். அடுத்தது அறுபத்தைந்து, என் பிரிவு. மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து பிரிவுக்கு ஒருவர்தான். அங்கே பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கலாம். வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

"நீங்க கவலைப்படாதீங்கண்ணே, எடையக் குறைச்சுப்புடுறேன்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எடை பார்க்கும் நாள் காலையில், மேலூர் ரோட்டில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடினான். பின்னால் நான் பைக்கில். முந்தின நாளிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு வந்த எனக்கே அலுத்துப் போயிருந்தது. என்ன பிழைப்பு இது!

வழியில் ஒரு கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் அவன் கால் பின்னியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் கொஞ்சந்தாண்ணே. எந்திரிச்சிருவேன்."

எழுந்திருக்க முடியவில்லை. ஜிம்மில் தோளில் அம்புட்டு எடையோடு எழுந்தவன், இன்று வெறும் உடம்பைத் தூக்க முடியாமல் தரையில் கையை ஊன்றினான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவன் மேல் அல்ல. பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"குடிச்சா ஒங்க வெயிட்டுக்கு வந்துருவேனேண்ணே."

"தெரியும். குடிடா."

காலியாகும் வரை பாட்டிலை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் இருவருக்கும் இடையே தேர்வுப் போட்டி. கடைசி ரவுண்டில் அவன் வலது கை என் விலாவில் இறங்கியது. அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை.

மாஸ்டர் ஐஸ் வைத்தபடி, "வெயிட் தூக்குனது வீண் போகலடா" என்றார்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல மாஸ்டர்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.